இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படித்தறிவது எப்படி?

சென்ற கோடையில் சுண்ணாம்புக் கரிசல் நிலம் மிகுந்த ஒரு கிராமத்தில் மண் பரிசோதனைப் பயிற்சி முகாம் நடத்தினோம். மண் ஆய்வுச் சீட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் விளக்கி, அதற்கேற்ப உரமிடும் முறையை எடுத்துக் கூறினேன். முகாம் முடிந்ததும் ஓர் அம்மையார் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கையில் மடித்து வைத்த இரண்டு தாள்கள். "ஏனுங்க சார், மண்ணோட சீட்டை இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்றீங்க. இந்தச் சீட்டையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டினார். ஒன்று அவருடைய இரத்தப் பரிசோதனைச் சீட்டு. மற்றொன்று அவருடைய மாமியாருடையது. இருவருக்கும் முகம் வெளிறி, சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்கியது. இருவரும் ஆறு மாதங்களாகக் கடையில் வாங்கிய ஒரே டானிக்கைப் பங்கிட்டுக் குடித்து வந்தனர். பலன் இல்லை.

அச்சீட்டுகள் எனக்கும் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மையாரின் இசைவுடன் அவற்றின் நகலை எடுத்துச் சென்று, மருத்துவர் ஒருவரிடமும் ஊட்டச்சத்துத் துறையில் பணிபுரியும் நண்பரிடமும் காட்டிக் கேட்டேன். கேட்கக் கேட்க, இது நாம் அறிந்த கணக்குதான் என்பது விளங்கிற்று. மண்ணில் உள்ள இரும்பையும் பயிருக்குக் கிடைக்கும் இரும்பையும் பிரித்தறியத் தெரிந்த உழவருக்கு இரத்தச் சீட்டைப் புரிந்துகொள்வது கடினமன்று. அன்று கற்றதை உழவர் பெருமக்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நோயை அறுதியிட்டு மருந்து கொடுப்பது மருத்துவரின் பணி. அவரிடம் கேட்க வேண்டியதைத் தெரிந்து கேட்பது நம் பணி.

இரத்த சோகை எவ்வளவு பரவலானது?

2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதத்தினருக்கும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதத்தினருக்கும், ஆண்களில் 25 சதத்தினருக்கும் இரத்த சோகை காணப்பட்டது. அதாவது, நடவு வயலில் நிற்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு இக்குறை இருக்கக்கூடும். "வேலைக்கு வணங்கவில்லை" என்று நாம் எளிதில் சொல்லிவிடும் ஒருவர், உண்மையில் இரத்தத்தில் போதிய இரும்பு இல்லாமல் வேலை செய்துகொண்டிருப்பவராக இருக்கலாம்.

உடலில் இரும்பின் வரவு செலவு

வயது வந்த ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உள்ளது. ஒரு சிறு ஆணியின் எடைதான். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளில் அடங்கியுள்ளது. நுரையீரலிலிருந்து பிராண வாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இதுவேயாகும். எஞ்சியதில் பெரும்பகுதி கல்லீரல் முதலிய இடங்களில் சேமிப்பாக இருக்கிறது.

ஆண்கள் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லி கிராம் இரும்பை இழக்கின்றனர். மாதவிலக்கு உள்ள பெண்களின் இழப்பு சராசரியாக 2 மில்லி கிராம் வரை ஆகலாம். ஒரு பேறுகாலம் முழுவதற்கும் கூடுதலாகச் சுமார் 1,000 மில்லி கிராம் தேவைப்படுகிறது. இழந்ததை உணவின் மூலம் ஈடுசெய்ய வேண்டும். ஆனால் தானியம், பயறு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் உடலில் சேருகிறது.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு ஏராளமாக இருந்தும் சோளமும் நிலக்கடலையும் வெளிறிப் போவதை நாம் காண்கிறோம். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. அது பயிர் எடுக்கக்கூடிய நிலையில் இல்லை. நம் குடலிலும் இதுவே நிகழ்கிறது.

சீட்டில் காணப்படும் எண்கள்

1. ஹீமோகுளோபின்

சீட்டில் "எச்.பி." என்று சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு டெசி லிட்டரில், எத்தனை கிராம் ஹீமோகுளோபின் உள்ளது என்பதை இது காட்டும். உலக சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின்படி, கீழ்க்கண்ட அளவுகளுக்குக் குறைந்தால் இரத்த சோகை எனக் கொள்ளப்படும்.

6 முதல் 23 மாதக் குழந்தை – 10.5 கிராம்
2 முதல் 4 வயது வரை – 11 கிராம்
5 முதல் 11 வயது வரை – 11.5 கிராம்
12 முதல் 14 வயது வரை – 12 கிராம்
15 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் – 12 கிராம்
15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் – 13 கிராம்
கர்ப்பிணிகள், முதல் மூன்று மாதமும் கடைசி மூன்று மாதமும் – 11 கிராம்
கர்ப்பிணிகள், நடு மூன்று மாதம் – 10.5 கிராம்

ஒரே எண்ணை எல்லோருக்கும் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும். மண்ணில் கிடைக்கும் இரும்பின் அளவு சாதாரண மண்ணில் 3.7 பி.பி.எம்.-க்குக் குறைந்தால் பற்றாக்குறை என்கிறோம். சுண்ணாம்பு மண்ணில் 6.3 பி.பி.எம்.-க்குக் குறைந்தாலே பற்றாக்குறை என்கிறோம் அல்லவா? அதுபோலவே இதுவும்.

வயது வந்தவர்களுக்கு 8 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 7 கிராமுக்கும் குறைந்தால் அது கடுமையான இரத்த சோகையாகும். அந்நிலையில் மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலிருப்பது தவறு. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2. சிவப்பணுவின் பருமன்

சீட்டில் "எம்.சி.வி." என்றிருக்கும். இது 80 முதல் 100 வரை இருப்பது இயல்பு. பலரும் கவனியாது விடும் எண் இது. ஆயினும் எந்தச் சத்து குறைவு என்று முதலில் வழிகாட்டுவது இதுதான். இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துவிடும். எண் 80-க்குக் கீழே இறங்கும். வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் அணுக்கள் பருத்துவிடும். எண் 100-க்கு மேலே ஏறும். இரண்டு குறைகளும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்து எண் இயல்பாகத் தோன்றுவதும் உண்டு.

3. ஃபெரிட்டின்

இது இரும்பின் சேமிப்பைக் காட்டும் எண். ஹீமோகுளோபின் என்பது உலைப்பானையில் உள்ள அரிசி என்றால், ஃபெரிட்டின் என்பது குதிரில் உள்ள நெல். பானையில் சோறு குறையும் முன்பே குதிர் காலியாகிவிடும். ஆகவே ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால், பற்றாக்குறை தொடங்கிவிட்டது என்று பொருள். நோயற்ற பெரியவர்களுக்கு ஒரு லிட்டருக்கு 15 மைக்ரோ கிராமுக்கும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 12 மைக்ரோ கிராமுக்கும் குறைந்தால் சேமிப்பு இல்லை எனக் கொள்ளலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. காய்ச்சல், தொற்று நோய், மூட்டு அழற்சி ஆகியவை உள்ளபோது ஃபெரிட்டின் தானாகவே உயர்ந்துவிடும். அப்போது 15-ஐ எல்லையாகக் கொள்வது தவறு. அத்தகையோருக்கு 70 மைக்ரோ கிராமுக்குக் கீழ் இருந்தாலே பற்றாக்குறை இருக்கக்கூடும்.

4. வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம்

பி12 ஒரு மில்லி லிட்டருக்கு 200 பிக்கோ கிராமுக்குக் குறைந்தால் பற்றாக்குறை எனலாம். 200 முதல் 300 வரை ஐயத்திற்குரிய நிலை. இந்த வைட்டமின் அரிசியிலோ பயறிலோ கீரையிலோ இல்லை. கோபால்ட் என்னும் நுண்சத்தைக் கொண்டு நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. பசுவின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குவது பாலிலும் இறைச்சியிலும் வந்து சேர்கிறது. முட்டையிலும் மீனிலும் உண்டு. ஃபோலிக் அமிலமோ கீரையிலும் பயறு வகைகளிலும் நிறைய உள்ளது.

5. வைட்டமின் டி

வெயிலில் உழைப்பவர்க்கு இக்குறை வராது என்று கருதுகிறோம். உடலை முழுதும் போர்த்தி வேலை செய்பவர்கள், முதியோர், வீட்டோடு இருப்பவர்கள் ஆகியோருக்கு வரலாம். ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோ கிராமுக்குக் குறைந்தால் பற்றாக்குறை என்பது பெரும்பாலோர் கொள்ளும் அளவு. சில ஆய்வகங்கள் இதை நானோ மோல் கணக்கில் தருகின்றன. ஒரு மில்லி லிட்டருக்கு 1 நானோ கிராம் என்பது ஒரு லிட்டருக்கு 2.5 நானோ மோல் ஆகும். ஹெக்டேரை ஏக்கராக மாற்றும் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எண்ணை மட்டும் பார்த்து அலகைப் பாராமல் விட்டால் 50 என்பது நல்ல அளவா குறைந்த அளவா என்றே தெரியாது.

ஒரே வெளிறல், இரு வேறு காரணங்கள்

இப்போது அந்த இரண்டு சீட்டுகளுக்கு வருவோம்.

மருமகள், வயது 36: ஹீமோகுளோபின் 8.6, எம்.சி.வி. 70, ஃபெரிட்டின் 6, பி12 340.
மாமியார், வயது 62: ஹீமோகுளோபின் 9.4, எம்.சி.வி. 109, ஃபெரிட்டின் 88, பி12 120.

பயிர் மஞ்சளானால் உடனே யூரியா போடுவோர் உண்டு. அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. நரம்பு பச்சையாக நின்று குருத்திலை வெளிறினால் இரும்புக் குறை. இரண்டாவதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. இந்த இருவர் நிலையும் அதுதான். மருமகளின் அணுக்கள் சிறுத்துள்ளன, குதிரும் காலி, அவருக்கு வேண்டியது இரும்பு. மாமியாரின் அணுக்கள் பருத்துள்ளன. இரும்புச் சேமிப்பு போதிய அளவு உள்ளது. அவருக்கு வேண்டியது பி12.

மாமியார் பல ஆண்டுகளாகப் புலாலும் முட்டையும் நீக்கியவர். வீட்டில் இரண்டு கறவைப் பசுக்கள் உண்டு. ஆனால் கறக்கும் பால் முழுவதும் சங்கத்துக்குப் போய்விடும். அவர் குடித்தது வரத் தேநீர். பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு ஓராண்டுக்கு மேலாக இருந்திருக்கிறது. வரப்பில் நடக்கும்போது கால் தடுமாறியிருக்கிறது. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டனர். அது பி12 குறைவால் நரம்பு கெடுவதன் அறிகுறியாகும்.

இங்கே மிகவும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால் இரத்தம் தேறியதுபோல் தோன்றும். ஆனால் நரம்புச் சேதம் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். எனவே எம்.சி.வி. 100-க்கு மேல் உள்ளவர்கள் பி12-ஐப் பரிசோதிக்காமல் தாமாக மாத்திரை சாப்பிடலாகாது.

அணு சிறுத்திருந்தும் ஃபெரிட்டின் இயல்பாகவே இருப்போரும் உண்டு. அவர்களுக்குப் பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு இருக்கலாம். அவர்களுக்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை. தொடர்ந்து கொடுத்தால் தீங்கும் விளையலாம். திருமணத்திற்கு முன் இதனை அறிந்துகொள்வது பிறக்கப்போகும் குழந்தைகளுக்கு நல்லது. மருத்துவர் இதற்கென்று தனிப் பரிசோதனை எழுதித் தருவார்.

மாதிரி எடுப்பதில் கவனம்

எருக்குழி ஓரத்திலும் வரப்போரத்திலும் மரத்தடியிலும் உரமிட்ட கையோடும் மண் மாதிரி எடுக்கக் கூடாது என்று சொல்கிறோம். இரத்த மாதிரிக்கும் இத்தகைய விதிகள் உண்டு.

(அ) காய்ச்சல் உள்ளபோது ஃபெரிட்டின் பரிசோதனையைத் தவிர்த்து, குணமான சில வாரங்கள் கழித்துச் செய்துகொள்வது நல்லது.
(ஆ) "சீரம் இரும்பு" என்ற எண் ஒரே நாளில் காலையிலும் மாலையிலும் மாறக்கூடியது; மாத்திரை சாப்பிட்டவுடன் உயர்ந்து காட்டும். அதை மட்டும் வைத்து முடிவு செய்தலாகாது.
(இ) பி12 ஊசியோ மாத்திரையோ எடுத்த பிறகு பி12 பார்த்தால் உயர்ந்தே காட்டும். முதலில் பரிசோதனை, பிறகு மருந்து.
(ஈ) சாப்பிடும் மாத்திரை, டானிக், நாட்டு மருந்து அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எத்தனை மாத்திரை வேண்டும்? ஒரு கணக்கு

மருமகளுக்கு ஹீமோகுளோபின் 8.6-லிருந்து 12-க்கு உயர வேண்டும். குறை 3.4 கிராம். அவர் உடலில் உள்ள இரத்தம் சுமார் 3.3 லிட்டர், அதாவது 33 டெசி லிட்டர் எனக் கொள்வோம். மொத்தக் குறை 33 x 3.4 = 112 கிராம் ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லி கிராம் இரும்பு உள்ளது. எனவே சுமார் 380 மில்லி கிராம் இரும்பு தேவை. காலியான குதிரை ஓரளவு நிரப்ப மேலும் 300 மில்லி கிராமாவது வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 700 மில்லி கிராம். 60 மில்லி கிராம் இரும்புள்ள ஒரு மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 மில்லி கிராம் உடலில் சேருகிறது என்று வைத்தால், நூற்றுக்கும் மேற்பட்ட மாத்திரைகள் தேவைப்படும். அன்றாட இழப்பு தனி.

பத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டு "ஒன்றும் பிடிக்கவில்லை" என்று நிறுத்துவது, அடியுரம் இட்டதோடு மேலுரத்தை மறப்பது போன்றது. இயல்பு நிலைக்கு வந்த பின்னும் பொதுவாக மூன்று மாதம் வரை தொடரச் சொல்வது குதிரை நிரப்புவதற்காகவேயாகும்.

எந்த மாத்திரையைத் தேர்ந்தெடுப்பது?

யூரியாவில் 46 சதம் தழைச்சத்து. அம்மோனியம் சல்பேட்டில் சுமார் 20 சதம். மூட்டையின் எடையைப் பார்க்காமல் சத்தின் எடையைப் பார்த்து விலை கணக்கிட நாம் பழகியிருக்கிறோம். மாத்திரைக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். அட்டையில் பெரிய எழுத்தில் உள்ளது உப்பின் எடை. அதன் அருகே "தனிம இரும்பு" எவ்வளவு என்று குறித்திருப்பார்கள். அதுவே நமக்கு வேண்டிய எண்.

நீர் சேர்ந்த ஃபெரஸ் சல்பேட் – 20 சதம் இரும்பு
உலர்ந்த ஃபெரஸ் சல்பேட் – 30 சதத்துக்குச் சற்று மேல்
ஃபெரஸ் ஃபுமரேட் – 33 சதம்
ஃபெரஸ் குளுக்கோனேட் – 12 சதம்

ஆகவே 300 மில்லி கிராம் குளுக்கோனேட்டில் கிடைப்பது 36 மில்லி கிராம் இரும்பே. 200 மில்லி கிராம் ஃபுமரேட்டில் 66 மில்லி கிராம் கிடைக்கிறது. வண்ணப் படம் போட்ட டானிக் புட்டியின் பின்புறத்தையும் இவ்வாறே படித்துப் பாருங்கள். பதினைந்து சத்துகளின் பெயர் இருக்கும். நமக்குத் தேவையான ஒன்று மிகக் குறைந்த அளவில் இருக்கும். பயிருக்குக் குறைவான சத்து எதுவோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்னும் லீபிக்கின் விதி இங்கும் பொருந்தும். குறையாத பதினான்கைக் கொடுத்துக் குறைந்த ஒன்றை ஈடுகட்ட முடியாது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் கிடைக்கும் மாத்திரை விலையில்லாதது என்பதால் தாழ்ந்தது அன்று. இரத்த சோகையற்ற பாரதம் என்னும் 2018-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி பெரியவர்களுக்கான சிவப்பு மாத்திரையிலும், 10 முதல் 19 வயதினருக்கான நீல மாத்திரையிலும் 60 மில்லி கிராம் இரும்பும் 500 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. 5 முதல் 9 வயதினருக்கான இளஞ்சிவப்பு மாத்திரையில் 45 மில்லி கிராம் இரும்பும் 400 மைக்ரோ கிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. தடுப்புக்காக இவை வாரம் ஒன்று. கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாட்களும், பேறுகாலத்திற்குப் பின் மேலும் 180 நாட்களும் தரப்படுகின்றன. இரத்த சோகை உள்ளவர்களுக்கான அளவை மருத்துவரே தீர்மானிப்பார்.

வைட்டமின் டி-க்கு 60,000 அலகு கொண்ட பொடி அல்லது மாத்திரையை வாரம் ஒன்று வீதம், குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது வழக்கம். இதனை நாள்தோறும் சாப்பிட்டு, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. சீட்டில் "வாரம் ஒருமுறை" என்று இருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

சாப்பிடும் முறை

இரும்புக் குறை கண்ட பயிருக்கு அன்னபேதி எனப்படும் ஃபெரஸ் சல்பேட்டை 1 சதக் கரைசலாகத் தெளிக்கும்போது சிறிது சிட்ரிக் அமிலம் சேர்க்கிறோம். இரும்பு பழுப்பேறி வீணாகாமல் இலைக்குள் செல்ல அது உதவுகிறது. மாத்திரைக்கு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கவும்.

(அ) மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் தேநீர், காப்பி, பால் அருந்த வேண்டாம். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிவிடும்.
(ஆ) சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டாம். ஒன்று காலை, மற்றொன்று இரவு என்று வைத்துக்கொள்ளலாம்.
(இ) வெறும் வயிற்றில் சாப்பிட்டால் நன்கு சேரும். குமட்டல் உண்டானால் சிறிது உணவுக்குப் பின் சாப்பிடலாம். அப்போதும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு சேருகிறது என்று, இரும்பு குறைந்த பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் நடத்தி 2017-இல் வெளியிடப்பட்ட ஆய்வு காட்டியது.
(ஈ) மலம் கறுத்துப் போகும். இதற்கு அஞ்ச வேண்டாம்; சேராத இரும்பின் நிறம் அது. நம் அம்மையார் செவிலியர் கொடுத்த மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்தியதற்கு இதுவே காரணம். ஆனால் தார் போல் பிசுபிசுப்பாகவும் துர்நாற்றத்துடனும் போனால், அது குடலில் இரத்தம் கசிவதாக இருக்கலாம். உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

வரப்பில் நண்டு வளை

மடை நிறையத் தண்ணீர் பாய்ச்சியும் வயலில் நீர் நிற்கவில்லையென்றால் வரப்பில் நண்டு வளையைத் தேடுவோம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் இரத்தம் ஏறவில்லையென்றால், எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும்.

முதலாவது கொக்கிப் புழு. மலம் கலந்த ஈர மண்ணில் வளரும் இதன் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் புகுகிறது. குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் உறிஞ்சுகிறது. நெக்கேட்டர் என்னும் வகைப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லி லிட்டர் இரத்தத்தை வீணாக்கும். நூறு புழுக்கள் இருந்தால் 3 மில்லி லிட்டர். அதில் 1 மில்லி கிராம் அளவு இரும்பு போய்விடும். நாள் முழுதும் உண்ட உணவிலிருந்து உடல் சேர்த்ததெல்லாம் இப்படியே கழிந்துவிடும். புழு நீக்க மாத்திரை, கழிப்பறை, காலில் செருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இவ்வளை அடைபடும். 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்குத் தேசியக் குடற்புழு நீக்க நாளில் மாத்திரை வழங்கும் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லும் மாதத்தில் மட்டுமே இதனை உட்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மிகுதியான மாதப்போக்கு. வெட்கப்பட்டு மறைப்பதால் ஆண்டுக்கணக்கில் இரத்தம் வீணாகிறது. செவிலியரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மூலம், வயிற்றுப் புண் ஆகியவை. களையெடுத்த முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் வலி மாத்திரை வாங்கி அன்றாடம் விழுங்குவோரின் இரைப்பையில் புண் உண்டாகி இரத்தம் கசிவது உண்டு. ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறை கண்டால் அதைச் சாதாரணமாகக் கொள்ளக் கூடாது. அவர்களுக்கு இரத்தம் போக வேறு வழியில்லை. குடலில் புண்ணோ கட்டியோ இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

நம் நிலத்திலேயே விளையும் சத்து

100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 0.7 மில்லி கிராம் இரும்பே உள்ளது. கேழ்வரகில் 4.6, கம்பில் 6.4, கொள்ளில் 8.8, முருங்கைக் கீரையில் 4.6 மில்லி கிராம் அளவில் உள்ளது. வாரத்தில் சில வேளைகளேனும் கம்பும் கேழ்வரகும் அடுப்பேறினால் நன்று. இரும்புச் சத்து மிகுந்த தனசக்தி என்னும் கம்பு இரகம் 2012-இல் மகாராஷ்டிரத்தில் வெளியிடப்பட்டு, 2014-இல் நாடு முழுவதற்கும் பரிந்துரைக்கப்பட்டது. பயறுகளை முளைகட்டினால் இரும்பைக் கட்டிவைக்கும் பைட்டேட் குறையும். கீரைக் கூட்டில் எலுமிச்சை பிழிவதும், சாப்பாட்டுக்குப் பின் நெல்லிக்காய் தின்பதும் செலவில்லாத முறைகள். புலால் உண்பவர்களுக்கு மீனும் ஈரலும் நல்லவை. உண்ணாதவர்கள் பாலையும் தயிரையும் கைவிடலாகாது. கறக்கும் பாலில் அரைப்படியாவது வீட்டிற்கு என்று ஒதுக்கிய பின் சங்கத்துக்கு ஊற்றுங்கள்.

உணவு மட்டும் போதுமா எனில், ஹீமோகுளோபின் 8.6-க்கு இறங்கியவருக்குப் போதாது. பயிர் வெளிறிய பிறகு தொழு உரம் மட்டும் இட்டுக் காத்திருக்க முடியாது; இலைவழித் தெளிப்பும் வேண்டும். மீண்டும் வெளிறாமல் காப்பதே உணவின் வேலை.

எச்சரிக்கைகள்

1. உர மூட்டையில் உள்ள அன்னபேதியும் மாத்திரையில் உள்ள ஃபெரஸ் சல்பேட்டும் பெயரால் ஒன்றே. ஆனால் உரத்தரமான உப்பில் வேறு உலோகங்களும் மாசுகளும் கலந்திருக்கும். அதை மனிதர் எக்காரணத்தைக் கொண்டும் உட்கொள்ளக் கூடாது.
2. இரும்பு மாத்திரையை மிட்டாய் என்று எண்ணிக் குழந்தைகள் பல மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில், மூடிய புட்டியில் வைக்கவும். விழுங்கியதாக ஐயம் வந்தாலே மருத்துவமனைக்கு விரையவும்.
3. மிகுந்த இரும்பை வெளியேற்ற உடலில் வழியில்லை. குறை இல்லாதவர்கள் "தெம்புக்காக" ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டாம்.
4. இருந்த இடத்திலேயே மூச்சு வாங்குதல், மார்பு வலி, மயக்கம், கர்ப்பிணிக்குக் கால் வீக்கத்துடன் கடும் வெளிறல் ஆகியவை கண்டால் நாள் கடத்த வேண்டாம்.

மறு பரிசோதனை

சிகிச்சை தொடங்கிய ஒரு மாதத்தில் மறுபடியும் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். குறைந்தது ஒரு கிராமாவது உயர்ந்திருந்தால் மருந்து சரியான வழியில் செல்கிறது. உயரவில்லையெனில் மூன்று கேள்விகள்: மாத்திரையை முறையாகச் சாப்பிட்டோமா? இரத்தம் எங்கேனும் கசிகிறதா? குறை உண்மையிலேயே இரும்புதானா?

அந்த அம்மையார் விலையில்லாத சிவப்பு மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட்டார். குடற்புழு மாத்திரையும் உட்கொண்டார். தேநீர் குடிக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டார். முதல் மாத முடிவில் 10.1, நான்காம் மாதத்தில் 12.2. டானிக்குக்கான செலவு மிச்சம். மாமியாருக்கு பி12 ஊசி போடப்பட்டது. அவருடைய இரத்தமும் தேறி, வெளிறல் நீங்கிற்று. ஆயினும் பாதத்து மரமரப்பு முழுவதும் நீங்கவில்லை. கோல் ஊன்றியே வரப்பில் நடக்கிறார். முதன்முதலில் எம்.சி.வி. 109 என்று வந்த அன்றே யாரேனும் அந்த வரியைப் படித்துச் சொல்லியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் மருத்துவர்.

மண் ஆய்வுச் சீட்டை இரவாணத்தில் செருகி வைத்துவிட்டுப் பக்கத்து வயல்காரர் இட்ட உரத்தையே நாமும் இடுவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இரத்தச் சீட்டை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டார் குடிக்கும் டானிக்கை வாங்குவதும். எனவே உழவர் பெருமக்கள் தம் வீட்டில் உள்ள சீட்டுகளை இன்றே எடுத்து, ஹீமோகுளோபின், எம்.சி.வி., ஃபெரிட்டின், பி12 ஆகிய நான்கு வரிகளையும் அடிக்கோடிட்டு, அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது மருத்துவரிடம் காட்டி விளக்கம் பெற்றுப் பயனடையுமாறு கேட்டுக்கொள்கிறோம்.